இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டிருக்கலாம்

எங்கள் தெருமுனையில் பெரிய அடுக்குமாடி ஒன்று வருகிறது. தகரத் தடுப்பு முழுக்கப் பச்சை இலைப் படம், 'பசுமைக் கட்டடம்' என்று கொட்டை எழுத்து. சரி, நல்லதுதான், ஆனால் மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அங்கேயே முப்பது வருடமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணனிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் முன் அனுமதி வாங்க வேண்டும், ஆனால் கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு! பெரிய கனிமச் சுரங்கம் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்துக் கூட்டம் போட்டாக வேண்டும்.

பள்ளம் தோண்டிய அன்றே அண்ணன் சொன்னார், "ஏரித் தண்ணி இப்படித்தான் வரும் தம்பி." போன வாரம் மோட்டார் வைத்து இறைத்தார்கள், எங்கள் தெருவுக்குள்ளேயே.