கணக்கு வாத்தியார் எடுத்த வரலாற்றுப் பாடம்

தெற்கு ஆப்பிரிக்காவின் மலைநாடான லெசோத்தோவில் கணக்கு ஆசிரியராக இருந்தபோது, வரலாற்று ஆசிரியை பிரசவ விடுப்பில் போனதால் அந்த வகுப்பும் ஒரு பருவம் என் தலையில் விழுந்தது. பாடம் லிஃபகானே: 1820-களில் அந்த மண்ணையே கலைத்துப்போட்ட போர்களும் இடப்பெயர்வும்.

எனக்குத் தெரிந்தது ஒரே கதைதான். ஷாகா ஜூலுப் படையைக் கட்டினார், மற்றவர்கள் ஓடினார்கள். அதைத்தான் கரும்பலகையில் அம்புக்குறிகளாகப் போட்டேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "ந்தாத்தே, எங்கள் குடும்பத்தை மத்தெபெலே என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். நாங்கள் துரத்தியவர்களா, துரத்தப்பட்டவர்களா?" (ஆண் ஆசிரியரை அங்கே அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.) "நாளைக்குச் சொல்கிறேன்" என்று உட்காரவைத்தேன்.

அன்று இரவு வெகுநேரம் படித்தேன். ஷாகா தலையெடுக்கும் முன்பே ந்தவாந்துவே அரசர் ஸ்விடேவும் ம்தெத்வா அரசர் டிங்கிஸ்வாயோவும் மோதிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் வறட்சி, மேய்ச்சல் நிலத்துக்கான போட்டி, இன்றைய மொசாம்பிக் கரையிலுள்ள டெலகோவா விரிகுடாவின் யானைத்தந்த வணிகம் எல்லாம் இருந்தன. 1822 வாக்கில், விரட்டப்பட்ட ஹ்லூபி மக்கள் டிராகன்ஸ்பர்க் மலையைத் தாண்டி வந்து த்லோக்வா மக்களைத் தாக்கினார்கள். த்லோக்வா மக்களோ அரசி மந்தாதிசி தலைமையில் கிளம்பி, வழியில் இருந்தவர்களின் மாடுகளையும் தானியத்தையும் பறித்தார்கள். பிற்பாடு லெசோத்தோவை உருவாக்கிய தலைவர் மொஷ்வேஷ்வே அப்போது இருந்த பூத்தா பூத்தே மலையை அவர்கள் முற்றுகையிட்டதால்தான் 1824-ல் அவர் தன் மக்களோடு தபா போசியு மலைக்குப் போனார். பஞ்சத்தில் மனிதரைத் தின்னும் நிலைக்கு வந்துவிட்ட சிலர், அந்தப் பயணத்தில் அவருடைய தாத்தா பேத்தேயைப் பிடித்துத் தின்றார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. பிற்பாடு அவர்கள் தன் கையில் சிக்கியபோது மொஷ்வேஷ்வே அவர்களைக் கொல்லவில்லை. அவர்கள் வயிறுதான் என் தாத்தாவின் கல்லறை, அதை எப்படிக் கலைப்பேன் என்றாராம். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவளிடம், "இரண்டும்தான் அம்மா" என்றேன். பழைய அம்புக்குறிகளை அழித்தேன். அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம், எங்கிருந்து வந்தோம், வந்தபோது கையில் என்ன இருந்தது என்று கேட்டு வரச் சொன்னேன்.

அப்புறம் வந்த வாரம் முழுக்க அவர்கள்தான் பாடம் எடுத்தார்கள். அதிகம் அடிபட்ட சொல் 'மாஃபிசா'. தஞ்சம் என்று வந்தவருக்குத் தலைவர் மாடு கொடுப்பார். பாலும் உழவும் வாங்கியவருக்கு, மாடும் கன்றும் கொடுத்தவருக்கு. வெறுங்கையோடு வந்தவர்கள் அந்தப் பாலைக் குடித்துத்தான் பசோத்தோ, அதாவது லெசோத்தோ மக்கள், ஆனார்கள்.

அந்தப் பெண் ஒரு வரைபடம் கொண்டுவந்தாள். கிழக்கிலிருந்து மலைத்தொடரைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு, வழியில் இரண்டு இடத்தில் நின்று, தபா போசியுவில் முடிந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பசு.