பன்னிரண்டும் பதினாறும்

ஒரே பல்லுக்கு ஒரு நாள் இருபதுக்கு 12 போட்டேன், ஒன்பது நாள் கழித்து 16 போட்டேன். கண்டுபிடித்தது வேறு யாருமில்லை, நானேதான். துறைக்குப் புதிதாக வந்திருந்த, பல்லின் வடிவத்தை முப்பரிமாணப் படமாக எடுக்கும் இன்ட்ராஓரல் ஸ்கேனரைப் பழகிப் பார்க்கலாமென்று, இரண்டாமாண்டு பி.டி.எஸ். (பல் மருத்துவ) மாணவர்கள், பல்மேல் மாட்டும் கிரவுன் என்ற உறைக்காகச் செதுக்கிய பிளாஸ்டிக் பற்களை எண் மறைத்து மறுபடி திருத்தினேன். பழைய பட்டியலோடு ஒப்பிட்டபோது திக்கென்றது. முதல் முறை அந்தப் பல் கைக்கு வந்தது மதியம் மூன்றரைக்கு, வரிசையில் கடைசிக்குச் சற்று முன்னால்.

பதினைந்து வருஷமாக இப்படித்தான் மதிப்பெண் போட்டிருக்கிறேனா?

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் முழு உலோக கிரவுன் என்றால், மெல்லும் வேலையைத் தாங்கும் மேடுகளில் 1.5 மில்லிமீட்டர், மற்ற மேடுகளில் 1 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்கள் மேல்நோக்கிக் குவிவது சுமார் 6 டிகிரி என்று புத்தகம் சொல்லும். சாய்வு கூடினால் கிரவுன் பிடித்து நிற்காது. ஆனால் 6 டிகிரியையும் 12 டிகிரியையும் வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்கிறேன் என்பவரை நான் நம்ப மாட்டேன். நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம்.

அந்தப் பல் யாருடையது என்று பார்த்தால், மூன்று முறை ரிப்பீட் வாங்கிய மாணவி. ஒவ்வொரு முறையும் நான் சொன்னது ஒரே வார்த்தை: "ஓவர் கட்டும்மா." கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் பல்லின் ஸ்கேனைச் செதுக்காத பல்லின் ஸ்கேன்மீது பொருத்திக் காட்டினேன். அதிகமாக வெட்டிய இடம் சிவப்பு. மூன்று பக்கமும் பச்சை, பின்பக்கச் சுவர் மட்டும் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "மேடம், எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. எட்டிப் பார்த்துதான் வெட்டுவேன்" என்றாள். வாய்க்குள் பிடிக்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்து வெட்டக் கை வரவில்லை. தலையோடு கையும் சாய்ந்திருக்கிறது, கையோடு பர் என்ற வெட்டும் சுழல்முனையும். என் பன்னிரண்டிலும் சரி, பதினாறிலும் சரி, இது எங்கே இருந்தது?

அப்புறம் இரண்டு வாரம் பர்ரைத் தொடவிடாமல், ஃபாண்டம் என்ற பயிற்சிப் பொம்மைத் தலையில் கண்ணாடியும் பென்சிலுமாக அவளைக் கோடு போட வைத்தேன். நான்காவது பல் தேறியது.

ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் ஆகாது. அமால்கம் என்ற உலோகக் கலவை அடைப்புக்கு வெட்டும் குழியில் சுவர்கள் வாய்ப்பக்கம் குறுகி உள்ளே விரியும். அந்த ஒதுக்குக்குள் வெளிச்சம் சரியாகப் போகாது. அங்கே இன்னமும் புரோப் என்ற மெல்லிய கம்பிக் கருவியும் விரல் நுனியும்தான்.

அடுத்த பேட்ச் பசங்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: பச்சைக்காகவே வெட்டுவது. ஒருவன் கொண்டு வந்த படம் முழுக்கப் பச்சை. மாடலைக் கையில் வாங்கிப் பார்த்தால், பக்கத்துப் பல்லில் பர் உரசிய கீறல். "சாஃப்ட்வேர்ல சரியா இருக்கே மேடம்" என்றான். பக்கத்துப் பல்லை ஒப்பிடச் சொல்லி யாரும் அதனிடம் கேட்கவில்லையே. மாடலில் ஸ்க்ரூவைக் கழற்றி வேறு பல் மாட்டிக்கொள்ளலாம். நோயாளியின் வாயில்?

இப்போது முதலில் என் மதிப்பெண்ணைப் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் ஸ்கேனைத் திறக்கிறேன். படம் சொல்வதும் என் மதிப்பெண்ணும் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொள்கிறேன். நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. முணுமுணுப்பும் உண்டு.

அந்தப் பழைய மதிப்பெண்ணைத் திருத்தலாமா என்று கேட்டுப் பார்த்தேன். இன்டர்னல் பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்கள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த முதல் ரெண்டு பல்லும் இருக்கா மேடம்? அதையும் ஸ்கேன் பண்ணித் தர்றீங்களா?" என்று கேட்டாள்.