டொலுயின் டேங்க் வென்ட்டுக்கு ஃபிளேம் அரெஸ்டர் தேர்ந்தெடுத்த விதம்

டேங்கின் வென்ட் (ஆவி வெளியேறவும் காற்று நுழையவும் உள்ள குழாய்) வழியாகத் தீ உள்ளே போகாமல் தடுக்கும் கருவிதான் ஃபிளேம் அரெஸ்டர். அதற்குக் கொட்டேஷன் கேட்கும்போது "3 அங்குலம், 316 எஸ்எஸ், 1 நம்பர்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் சரியான அரெஸ்டர் வராது. வென்ட்டில் என்ன ஆவி, தீ எந்தப் பக்கத்திலிருந்து வரும், அங்கிருந்து அரெஸ்டர் வரை எத்தனை மீட்டர் குழாய் என்ற மூன்றையும் சொல்லியே ஆகவேண்டும். நாங்கள் பார்த்தது 50 கனமீட்டர் டொலுயின் டேங்க், 80 மி.மீ. வென்ட், நிரப்பவும் எடுக்கவும் மணிக்கு 30 கனமீட்டர் பம்ப்.

முதலில் ஆவி. சுடர் தாண்ட முடியாத அதிகபட்ச இடைவெளியை எம்இஎஸ்ஜி என்பார்கள். டொலுயினுக்கு 1.06 மி.மீ., மெத்தனாலுக்கு 0.92. இரண்டும் ஐஐஏ பிரிவு; எம்இஎஸ்ஜி குறையக் குறையப் பிரிவு ஐஐபி, ஐஐசி என்று கடுமையாகும். ஆனால் டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற சால்வென்ட்) 0.87தான், அது ஐஐபி. ஒரே ஹெடரில் (பல டேங்குகளின் வென்ட் சேரும் பொதுக்குழாய்) டிஎச்எஃப் டேங்க் ஒன்று சேர்ந்தாலும் ஹெடர் முழுவதையும் ஐஐபி1 (ஐஐபியின் உட்பிரிவு) ஆகத்தான் எடுக்க வேண்டும். இன்று டொலுயின் மட்டும்தானே என்று வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே டேங்கில் வேறு சால்வென்ட் நிரப்புவது நம் தொழிற்சாலைகளில் சகஜம். அதனால் டேங்கில் என்றாவது வரக்கூடிய எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, அதில் மிகக் குறைந்த எம்இஎஸ்ஜியை எடுத்தோம்.

அடுத்தது இடம். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். டேங்க் தலையில் எண்ட்-ஆஃப்-லைன் (குழாயின் திறந்த நுனியில் வைக்கும்) அரெஸ்டரை மாட்டிவிட்டு, "வாடை அடிக்கிறது" என்று அதன் வாயில் 7 மீட்டர் குழாயைச் சேர்த்து உயரத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்த நிமிடமே அரெஸ்டரின் சான்று செல்லாததாகிவிடுகிறது. திறந்தவெளியில் பற்றும் தீ வேறு, குழாய்க்குள் ஓடிவரும் தீ வேறு. குழாயில் சுடர் போகப்போக வேகம் பிடிக்கும். வளைவு ஒவ்வொன்றும் அதைக் கலக்கி இன்னும் முடுக்கும். கடைசியில் ஒலியை மிஞ்சிய டெட்டனேஷன் ஆகிவிடும். ஃபிளேம் அரெஸ்டருக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 16852 படி சோதித்த இன்-லைன் டெஃப்ளக்ரேஷன் வகையை (குழாய் நடுவே, ஒலியைவிட மெதுவான சுடரைத் தடுப்பது), தீப்பற்றும் இடத்திலிருந்து குழாய் விட்டத்தைப்போல் 50 மடங்கு தூரத்துக்குள் வைக்க வேண்டும். ஐஐபி3ஐத் தாண்டிய வாயுக்களுக்கு 30 மடங்கு. 80 மி.மீ. குழாயில் 50 மடங்கு என்றால் வெறும் 4 மீட்டர். 7 மீட்டருக்கு டெட்டனேஷன் அரெஸ்டர் வேண்டும், அல்லது எண்ட்-ஆஃப்-லைனைக் குழாயின் திறந்த நுனிக்கே கொண்டுபோக வேண்டும். நாங்கள் நுனிக்குக் கொண்டுபோனோம். கழற்றிச் சுத்தம் செய்ய ஆள் நிற்க மேடையும் அதோடு சேர்ந்தது. மேடை இல்லாவிட்டால் அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

எரிந்துகொண்டே நிற்கும் நிலையையும் கேளுங்கள். ஆவி தொடர்ந்து வந்தால் சுடர் எலிமெண்ட் (அரெஸ்டருக்குள் சுடரைத் தடுக்கும் நெளிதகடு சுருள்) மேலேயே உட்கார்ந்து எரியும். ஆவியை நிறுத்த வழியில்லாத வென்ட்டுக்கு எண்டியூரன்ஸ் பர்னிங் (நீண்ட நேரம் எரிந்தாலும் தாங்கும்) சான்று தேவை. ஷார்ட்-டைம் (கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும்) வகை என்றால், சுடர் நிற்கக்கூடிய பக்கத்தில் வெப்ப உணரியும், அது சொன்னதும் மூடும் வால்வும் வேண்டும்.

பிறகுதான் அளவு. டேங்க் வென்ட்டுக்கான ஏபிஐ 2000 தரநிலைக் கணக்கில், டொலுயின் போல ஆவியாகும் திரவத்துக்கு நிரப்பும்போது வெளியேறுவது பம்ப் வேகத்தைப்போல் இரு மடங்கு: 60 கனமீட்டர். வெயில் சூட்டுக்கு இன்னும் 11. மொத்தம் மணிக்கு 71. உள்ளிழுப்பது அதைவிட அதிகம். காய்ந்த தகட்டின் மேல் திடீர் மழை கொட்டினால் உள்ளிருக்கும் ஆவி சுருங்கி மணிக்கு 100 கனமீட்டர் காற்றை இழுக்கும். திரவத்தை எடுக்கும் பம்ப்பும் ஓடினால் 130. டேங்க் உள்வாங்கி நசுங்குவது இப்படித்தான். எங்கள் டேங்க் தாங்குவது 5 மில்லிபார் வெற்றிடம்; பிரீதர் வால்வு (அழுத்தமோ வெற்றிடமோ மிகும்போது தானாகத் திறப்பது) 2.5இல் திறக்கத் தொடங்கும். வால்வு முழுதாகத் திறப்பது, அரெஸ்டர், குழாய் எல்லாம் மீதி 2.5க்குள் அடங்க வேண்டும். அதனால் வால்வையும் அரெஸ்டரையும் சேர்த்துச் சோதித்த ஃப்ளோ கர்வைத்தான் (எவ்வளவு ஓட்டத்துக்கு எவ்வளவு அழுத்த இழப்பு என்ற வரைகோடு) கேட்க வேண்டும். தனித்தனிக் கர்வைக் கூட்டிப் பார்ப்பது போதாது.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது எலிமெண்ட்தான். நெளிதகடு சுருளில் பெயிண்ட் துளி, குளவிக்கூடு, துரு எதுவும் அடைக்கலாம். சால்வென்ட்டில் ஊறவைத்துக் குறைந்த அழுத்த நீராவியால் ஊதுங்கள். கம்பியையோ ஸ்க்ரூடிரைவரையோ நுழைக்கக் கூடாது. ஒரே ஒரு நெளி அகன்றாலும் சுடர் அந்த வழியாகப் போய்விடும். திரும்ப மாட்டும்போது எலிமெண்ட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே புது கேஸ்கெட் போடுங்கள். அங்கே விழும் சந்தும் அகன்ற நெளி மாதிரிதான். ஒருபக்க வகை (ஒரு திசையில் வரும் தீயை மட்டும் தடுப்பது) என்றால் அம்புக்குறியையும் பாருங்கள். உபரி எலிமெண்ட் ஒன்றை ஆர்டரிலேயே சேர்த்துவிட்டால், சுத்தம் செய்யும் நாளில் வென்ட் வெறும் குழாயாக நிற்காது.