ஹார்ட் வொர்க்கிங்கை விட்டுத்தள்ளுங்கள்

எந்த ரெஸ்யூமைத் திறந்தாலும் முதல் பத்தியிலேயே ஹார்ட் வொர்க்கிங், டெடிகேட்டட், டீம் ப்ளேயர் மூன்றும் வரிசையாக நிற்கும். தப்பான வார்த்தைகள் என்று சொல்லவில்லை. ஆனால் ‘நான் சோம்பேறி’ என்று எவரும் எழுதப்போவதில்லையே, அப்புறம் உழைப்பாளி என்று எழுதுவதால் படிக்கிறவருக்குப் புதிதாக என்ன தெரியப்போகிறது?

குறிப்பாக ஒன்றைச் சொல்லும் வார்த்தைகள்தான் வேலைக்கு ஆகும். சொன்ன தேதியில் முடித்துக் கொடுப்பவர் ரிலையபிள். ஆள் இல்லை, கருவி இல்லை என்று கையைப் பிசையாமல் இருப்பதை வைத்தே வழி பண்ணுகிறவர் ரிசோர்ஸ்ஃபுல். யாரும் மேற்பார்க்காவிட்டாலும் ஒழுங்காகச் செய்கிறவர் கான்சியென்ஷியஸ், இந்த வார்த்தையை நம் ஆட்கள் அதிகம் தொடுவதில்லை, ஸ்பெல்லிங் பயமோ என்னவோ. ஆனால் பாரிக், மவுன்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991-ல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, எந்த வகை வேலையானாலும் செயல்திறனோடு தொடர்புடையதாகத் தெரிந்த குணம் இதுதான்.

எஃபிஷியன்ட், எஃபெக்டிவ் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாற்பது பக்க ரிப்போர்ட்டை ஒரே நாளில் முடித்தவர் எஃபிஷியன்ட், சரி, ஆனால் அந்த ரிப்போர்ட் யாருக்குமே தேவைப்படவில்லை என்றால் அவரை எஃபெக்டிவ் என்று எப்படிச் சொல்வது?

சிபாரிசுக் கடிதம் எழுதும்போது இன்னும் கவனம் தேவை. பால் கிரைஸ் என்ற தத்துவவாதி 1975-ல் வந்த கட்டுரையில் ஒரு உதாரணம் தருகிறார்: தத்துவத் துறை வேலைக்கு விண்ணப்பித்த மாணவரைப் பற்றி ஆசிரியர், இவருடைய ஆங்கிலம் அருமை, வகுப்புக்கு ஒழுங்காக வருவார் என்று எழுதி முடித்துவிடுகிறார். குறையாக ஒரு வார்த்தைகூட இல்லை, ஆனாலும் ஆள் தத்துவத்தில் தேறமாட்டார் என்பது படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். அதனால் ஒருவரை வெறும் பங்க்சுவல், பொலைட் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு நல்லது செய்ததாக நினைக்காதீர்கள்.

அஸர்டிவ் என்றால் தன் கருத்தைத் தயங்காமல் சொல்கிறவர், அக்ரெசிவ் என்றால் பெரும்பாலும் மேலே விழுந்து பிடுங்குகிறவர். விற்பனைத் துறையில் மட்டும் இரண்டாவதையும் பாராட்டாகச் சொல்வார்கள், அது தனிக் கதை. இன்டர்வியூவில் பெருமையாக ‘ஐ ஆம் எ வொர்க்கஹாலிக்’ என்பவர்களும் உண்டு. 1971-ல் புத்தகம் எழுதி இந்த வார்த்தையைப் பரப்பிய வெய்ன் ஓட்ஸ், ஆல்கஹாலிக் என்பதை மாதிரியாக வைத்து, ஒரு அடிமைத்தனம் என்ற பொருளில்தான் இதைச் சொன்னார்.

எந்த வார்த்தையைப் போட்டாலும் பக்கத்தில் ஒரு செயலை வையுங்கள். மெட்டிகுலஸ், அதாவது சின்ன விவரத்தையும் விடாமல் பார்க்கிறவர் என்று எழுதினால், வாடிக்கையாளர் பட்டியலில் இரட்டிப்பாகப் பதிவான பெயர்களைத் தேடி நீக்கியதையும் ஒரு வரி எழுதுங்கள். இன்னும் சில வார்த்தைகள் அடுத்தவர் வாயால் வந்தால்தான் அழகு. தொலைநோக்கு உள்ளவர் என்கிற விஷனரி, ஆளைக் கவர்ந்திழுப்பவர் என்கிற சாரிஸ்மாட்டிக் எல்லாம் அந்த ரகம். ‘ஐ ஆம் வெரி ஹம்பிள்’ என்று தன் கையாலேயே எழுதுகிறவரை என்ன செய்ய?