பதில் வராத நாட்களில் ஜெபம்

மார்ச் 7, 2025, வெள்ளி

தம்பி குடியை விட வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஜெபிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து காலம் என்பதால் இன்று புரசைவாக்கத்தில் ஒரு வீட்டில் உபவாச ஜெபம் நடந்தது. அங்கே ஒரு சகோதரி, அன்போடுதான், "முழு விசுவாசத்தோடு கேட்டால் கர்த்தர் தாமதிக்க மாட்டார், அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அப்போஸ்தலன் பவுல் தம்மை வருத்திய, 'முள்' என்று அவர் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழ ஜெபித்த இயேசுவை விட்டுத் துன்பத்தின் பாத்திரம் அகலவில்லை. அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்கள்? காத்திருந்து களைத்தவரிடமே குற்றம் காண்பது, கடவுளின் மௌனத்தைக் காட்டிலும் கொடியது.

மார்ச் 12, புதன்

அம்மாவின் வேதாகமத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். ஓரங்கள் கரைந்து, ஜெபப் பாடல்களான சங்கீதங்களின் பக்கங்கள் தைப்பிலிருந்து பிரிந்து நிற்கின்றன. 88ஆம் சங்கீதத்தின் 13ஆம் வசனத்தருகே, "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்" என்ற வரியின் ஓரத்தில், வெவ்வேறு பேனா மையில் தேதிகள் மேலும் கீழுமாக நெருக்கி எழுதப்பட்டிருந்தன.

13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்டாலும் பாடலோடு முடிகிறது. 88ஆம் சங்கீதத்திலோ கடைசி வரை ஆறுதலும் இல்லை, துதியும் இல்லை. அதையும் ஜெபமென்றே ஏற்று, திருத்தாமல், சபையார் பாடுவதற்கென்று வேதத்தில் வைத்திருக்கிறார்களே! கர்த்தரிடமே கர்த்தரைப் பற்றி முறையிடுவதை அவிசுவாசம் என்று சொல்ல எனக்கு இனி மனம் வராது. விட்டுப் போனவன் முறையிடுவதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மகளைக் குணமாக்கும்படி இயேசுவிடம் கெஞ்சிய கானானியப் பெண்ணைப் பற்றிய பிரசங்கம். "அவளுக்குப் பிரதியுத்தரமாக அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை" என்ற இடத்தைப் போதகர் ஐயர் விரைந்து கடந்துவிட்டார். எனக்கு அங்கேயே நிற்க வேண்டும் போலிருந்தது. மகளுக்காக வந்த அந்தத் தாய், பதில் கிடைக்காத அந்த நேரத்திலும் அவர் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். மகள் குணமானாள் என்ற முடிவு நமக்குத் தெரியும். அவளுக்கு அப்போது தெரியாது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் மும்மணி ஆராதனை; சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மூன்று மணி நேரம். மின்விசிறிகள் ஓடியும் புழுக்கம் தணியவில்லை. நான்காம் வார்த்தையான "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. இயேசுவே பதில் கிடைக்காதவர்களின் ஜெபத்தைத் தம் வாயில் எடுத்தார் என்றால், அம்மா தனியாக அந்த இடத்தில் இல்லை என்று நம்புகிறேன்.

ஆராதனை முடிந்தபின் ஒன்று நினைவுக்கு வந்தது. பல புராட்டஸ்டண்ட் சபைகள் ஒன்றாய் இணைந்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று இந்த ஆலயத்தில்தான் உருவானது. ஒன்றிணைப்புக்கான முயற்சி தரங்கம்பாடியில் தொடங்கியது 1919இல். இடைப்பட்ட 28 ஆண்டுகளில், தாங்கள் ஜெபித்தது நிறைவேறக் காணாமலே கண்மூடியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் ஜெபம் வீணென்று நான் எண்ணவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டர் கடந்துவிட்டது. தம்பி நேற்றிரவும் குடித்துவிட்டுத்தான் வந்தான். அம்மா அவனுக்குச் சோறு எடுத்து வைத்தார். விடியுமுன் எழுந்து வழக்கம்போல் முழங்காலிட்டார். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான ஆலோசனைக் கூட்டத்துக்கு அடுத்த வாரம் அம்மாவும் நானும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். ஜெபிக்கிறவர்கள் மருத்துவரைத் தேடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் என்றுமே இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் வேதபாகம் வாசிக்கும் முறை என்னுடையது. 88ஆம் சங்கீதத்தை முழுதுமாக, விளக்கம் சேர்க்காமல் வாசிக்கப்போகிறேன். தங்கள் வீட்டுக் காரியத்தைச் சொல்லக் கூசி உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும்.