ஆடிக் காற்றும் அறுபது டிகிரியும்

ஜூலை 13, 2024, சனி

கயாக் படகுக்குப் புதுத் துடுப்பு வந்துவிட்டது. 220 செ.மீ., இரண்டு துண்டு, இரு முனையிலும் பிளேடு. நடு இணைப்பில் 0, 15, 30, 45, 60 என்று துளைகள். பித்தானை அமுக்கித் திருப்பினால் ஒரு பிளேடு இன்னொன்றுக்குக் கோணலாக நிற்கும். இதை ஃபெதர் என்கிறார்கள். இதுவரை நான் ஓட்டிய வாடகைத் துடுப்புகளில் இரண்டு பிளேடும் ஒரே பக்கம் பார்த்தபடி இருந்தன. கோணம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் வீட்டில் ஃபெதருக்கு முறுக்கு என்று பெயர் வைத்தாயிற்று. தீபாவளிக்கு எத்தனை டிகிரி சுடட்டும் என்று மனைவி கேட்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

மாடிவீட்டு சுபேதார் அங்கிள் துடுப்பைப் பார்க்க இறங்கி வந்தார். ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். வேலூர்ப் பக்கம் சொந்த ஊர், ஓய்வு பெற்ற பிறகும் பெங்களூரு அல்சூரை விட்டுப் போகவில்லை. என்னைத் தம்பி என்பார். அது வயதைப் பார்த்துச் சொல்வதல்ல, அந்தப் படையில் சிப்பாய்க்கே அதுதான் பெயர்.

அவர் காலத்தில் மரத் துடுப்பு. 90 டிகிரி, பித்தானெல்லாம் கிடையாது. "எதிர்காத்துல மேல இருக்கிற பிளேடு கத்தி மாதிரி போகணும் தம்பி. முறமா புடிச்சா காத்து உன்னைப் பின்னாடி தள்ளும்" என்றார். ஆடி வேறு பிறக்கப்போகிறது. சரி, அறுபதில் வைத்தேன்.

ஜூலை 20, சனி

ஊருக்கு வெளியே, வழக்கமான ஏரி. மேற்கிலிருந்து காற்று. அம்மி பறக்கவில்லை, தொப்பி பறந்தது. எதிர்த்துப் போகும்போது அங்கிள் சொன்னது அப்படியே உண்மை. மேல் பிளேடு காற்றுக்கு விளிம்பைக் காட்டி நழுவிப் போனது. பெருமையாக இருந்தது.

பெருமை ஏரியின் நடுப்பகுதி வரைதான். அங்கே வடக்கே திரும்ப வேண்டும். காற்று பக்கவாட்டில் வந்ததும் அதே பிளேடின் அகலப் பக்கத்துக்கு அடியில் புகுந்து தூக்கப் பார்த்தது. முறுக்கில்லாத துடுப்பு இந்த இடத்தில் விளிம்பைத்தான் காட்டியிருக்கும். அப்புறம் கரைக்குத் திரும்பும்போது பின்காற்று. அப்போது அகலமான மேல் பிளேடு குட்டிப் பாயாக உதவியிருக்கும். போன காற்றில்தானே திரும்பி வரவும் வேண்டும், இதை அங்கிளிடம் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

வலது மணிக்கட்டு காந்துகிறது. காபி டவராவைத் தூக்க முடியவில்லை.

காரணம் புரிகிறது. முறுக்கிய துடுப்பில் வலது கைதான் கடிவாளம், பிடியைத் தளர்த்துவதே இல்லை. இடது கைக்குள் தண்டு சும்மா சுழலும். இடப்பக்கம் துழாவும் ஒவ்வொரு முறையும் வலது மணிக்கட்டைப் பின்னால் மடித்தால்தான் பிளேடு சரியாக நீரில் இறங்கும். நிமிடத்துக்கு 40 துழாவல் என்றால் இடப்பக்கம் 20. ஒரு மணி நேரத்தில் 1,200 தடவை மடிப்பு. வார நாளெல்லாம் கீபோர்டில் தட்டும் கைக்கு ஞாயிற்றுக்கிழமை இந்தத் தண்டனை தேவையா?

ஜூலை 24, புதன்

மகள் பத்தாவது. முக்கோணவியல் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவளிடம் துடுப்பை நீட்டி, காற்று நேரே வந்தால் மேல் பிளேடில் எவ்வளவு படும் என்று கேட்டேன். "காஸ் தீட்டாப்பா, இதுகூடத் தெரியாதா?" என்றாள். 60 டிகிரியில் பாதிப் பரப்பு காற்றில் படும். 45இல் 71 சதவீதம். 30இல் 87!

இந்த 87ஐத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நிறையப் பேர் 30இல் வைத்து ஓட்டுகிறார்கள், கேட்டால் காற்றுக்காக என்பார்கள். பதின்மூன்று சதவீதத்துக்கு இத்தனை பேச்சா? 30 வைப்பதற்குக் காற்று காரணமாக இருக்க முடியாது. துடுப்பை நிமிர்த்திப் பிடித்துத் துழாவினால் மணிக்கட்டு தானாகவே கொஞ்சம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு ஈடுகட்டுகிறார்கள், அவ்வளவுதான். துடுப்பைத் தாழ்த்திப் பிடித்து நிதானமாகப் போகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

கிரீன்லாந்து இனுயிட்டுகளின் துடுப்பில் முறுக்கே இல்லை. கடற்காற்றில் சீல் வேட்டைக்குப் போனவர்கள். பிளேடையே உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு ஒடுக்கிவிட்டார்கள். படுவதற்கு இடம் இருந்தால்தானே காற்று படும்.

ஜூலை 28, ஞாயிறு

கைக்கு ஓய்வு, ஏரிக்குப் போகவில்லை. இரவு பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் கயாக் ஸ்லாலம் பார்த்தேன், தொங்கும் கம்பங்களாலான கேட்களுக்குள் புகுந்து போகும் போட்டி. ஜெசிக்கா ஃபாக்ஸ் தங்கம் வாங்கினார். தொங்கும் கம்பத்தில் உரசினால் 2 விநாடி தண்டம், கேட்டைத் தவறவிட்டால் 50. அந்த அவசரத்தில் கோணத்தை யோசிக்க அவர்களுக்கு எங்கே நேரம்? கைக்கே தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை பீமேஸ்வரிக்குப் போவதாகத் திட்டம் இருந்தது. கபினியிலும் கே.ஆர்.எஸ்ஸிலும் திறந்துவிட்ட தண்ணீர் அந்த வழியாகத்தான் போகிறது. மேட்டூரே செவ்வாய்க்கிழமை 120 அடியைத் தொட்டுவிட்டது. காவிரியை அப்படியே விட்டுவிட்டு வீட்டில் சித்திரான்னம் சாப்பிட்டோம். புளியோதரை நன்றாக இருந்தது.

துடுப்பை 0க்கு மாற்றினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கவிழ்ந்தேன்.

காற்று வலப்பக்கத்திலிருந்து திடீரென்று அடித்தது, படகு இடப்பக்கம் சாய்ந்தது. இடது பிளேடைத் தண்ணீர்மேல் தட்டையாக அறைந்தால் நிமிர்ந்துவிடலாம். அறையத்தான் போனேன். ஆனால் வலது மணிக்கட்டு, யாரும் கேட்காமலே, அறுபது டிகிரிக்கு மடித்துவிட்டது. பிளேடு விளிம்பாக இறங்கி, வெண்ணெயில் கத்தி போல உள்ளே போய்விட்டது. பின்னாலேயே நானும். மிதவை அங்கி இருந்தது, கரை பக்கம்தான், பயமில்லை. ஒரு செருப்பு போனது.

கரையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அறுபதில் நான் ஓட்டியது ஒரே ஒரு நாள். மீதி வாரங்களெல்லாம் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வெறுங்காற்றைத் துழாவிப் பழகியது. அதற்கே கை இப்படி என்றால்!

ஆகஸ்ட் 10, சனி

முப்பது. மணிக்கட்டு மடிய வேண்டியிருக்கவில்லை, பக்கக்காற்றும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. எதிர்காற்றில் கொஞ்சம் மூச்சு வாங்கியது, வாங்கட்டும். மகளின் கணக்குப்படி பார்த்தால் பூஜ்யத்தில் வைத்து இன்னும் பழகியிருக்கலாம். ஆனால் இனி கோணத்தை மாற்றுவதில்லை. பித்தான்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியாகிவிட்டது.

சாயங்காலம் அங்கிளிடம் காட்டினேன். டேப்பைப் பார்த்துச் சிரித்தார். "குடு" என்று வாங்கி, படிக்கட்டுக்கு அருகே நின்றபடியே இரண்டு பக்கமும் துழாவினார். துடுப்பைத் தொட்டு முப்பது வருஷம் இருக்குமாம். இடப்பக்கம் போகும்போதெல்லாம் அவர் வலது மணிக்கட்டு நறுக்கென்று தொண்ணூறுக்கு மடிந்தது. என் இடது பிளேடு கீழே வரும்போது தப்பாகத் திரும்பி நின்றது. துடுப்பை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இது கோணலா இருக்கே."