ஓட்டாஞ்சில்லு மலை

மிலானில் ஆபீஸ் வேலை வெள்ளியோடு முடிந்தது. ஊருக்கு விமானம் திங்கள் இரவு, ரோமிலிருந்து. சனிக்கிழமை காலை ரயில் பிடித்தேன், மூன்று மணி நேரத்தில் தெர்மினி ஸ்டேஷன். பக்கத்துச் சந்தில் ஆறு பேர் படுக்கும் அறையில் மேல் கட்டில் எனக்கு. வாடகை போக ஒரு நாளைக்கு 25 யூரோ செலவழிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். என்ன பார்ப்பது என்று மட்டும் கணக்குப் போடவில்லை.

அதன் பலன் உடனே தெரிந்தது. கொலோசியத்தில் அன்றைக்கு டிக்கெட் இல்லை. வாசலில் ஒருவர், "உடனே உள்ளே அனுப்புகிறேன்" என்று இரண்டு மடங்குக்கு மேல் விலை சொன்னார். வேண்டாம் என்று வெளியிலேயே ஒரு சுற்று வந்தேன். உள்ளே போகாததில் பெரிய வருத்தமில்லை. அதன் பிரம்மாண்டம் வெளியிலிருந்தே தெரிகிறது.

ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. தெருவுக்குத் தெரு இடுப்பளவு உயரத்தில் வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்கள். 1874-இலிருந்து வைத்துக்கொண்டு வருகிறார்கள், இப்போது ஊர் முழுக்க சுமார் 2,500 இருக்கின்றன. வளைந்த குழாய் மூக்கு மாதிரி இருப்பதால் 'நசோனே', அதாவது பெரிய மூக்கு, என்று பெயர். நல்ல ஜில்லென்ற தண்ணீர், குடிக்கலாம், காசில்லை. முதலில் கையேந்திக் குடித்துச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டேன். பின்னால் நின்ற பாட்டி என்னை விலக்கிவிட்டு, குழாய் முனையை ஒரு விரலால் அடைத்தார். மேலே இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வில்லாக எழும்பியது. குனிந்து இரண்டு வாய் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

தண்ணீர் இலவசம், வெளிச்சத்துக்குத்தான் காசு. பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்குள் போக 5 யூரோ கேட்டார்கள். யோசித்துக்கொண்டே நடந்ததில் சான் லூயிஜி தேவாலயம் வந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றி கரவாஜ்ஜோ வரைந்த மூன்று ஓவியங்கள், 400 வருஷத்துக்கு முந்தியவை. ஆனால் அந்த மூலை இருட்டு. சுவரில் ஒரு பெட்டி, நாணயம் போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். எல்லோரும் அடுத்தவர் சட்டைப்பையைப் பார்த்தபடி இருந்தோம். நானும்தான். கடைசியில் ஒரு சின்னப் பெண், அப்பாவிடம் வாங்கி ஒரு நாணயத்தைப் போட்டாள். 'டக்'கென்று விளக்கு வந்தது. வரி வசூலிக்கும் மத்தேயுவின் மேஜை, அதில் சில்லறை எண்ணிக்கொண்டு நிமிரக்கூடச் செய்யாத ஓர் இளைஞன், வலப்பக்கத்திலிருந்து நீளும் இயேசுவின் கை. அந்தக் கைக்கு மேலேதான் படத்துக்குள் இருக்கும் வெளிச்சமும் சாய்ந்து வருகிறது. அதைக் கண்டுபிடித்த நேரத்தில் விளக்கு அணைந்துவிட்டது. இந்த முறை நானே போட்டேன். சில்லறை எண்ணுகிறவனைப் பார்த்தபின் கஞ்சத்தனம் பண்ண முடியவில்லை.

மதியம் வெட்டி விற்கும் பிட்சா. எடைக்குத்தான் விலை. கடைக்காரர் நீளத் தட்டின் மேல் கத்தியை நகர்த்திக்கொண்டே போவார், சரியான இடத்தில் நாம் 'போதும்' சொல்ல வேண்டும். இத்தாலிய மொழியில் அதற்கு 'பாஸ்தா'. தமிழில் எழுதினால் சாப்பிடுகிற பாஸ்தாவும் இதுவும் ஒன்றுதான், நான் என்ன செய்ய? உருளைக்கிழங்கு போட்டது ஒன்று, தக்காளி மட்டும் தடவியது ஒன்று. சைவக்காரனுக்கு அது போதும். காபியை நின்றே குடித்தேன், மேஜையில் உட்கார்ந்தால் விலை ஏறும்.

பிறகு டைபர் ஆற்றங்கரையோடு தெற்கே நடந்தேன். ஆற்றை விட்டுத் திரும்பியதும் தெஸ்தாச்சோ என்ற பேட்டை. அங்கே வீடுகளுக்குப் பின்னால் புல் முளைத்த ஒரு குன்று. அடிவாரத்தைக் குடைந்து வரிசையாக உணவுக்கடைகள். ஒரு கடையின் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். உள்ளே மண்ணில்லை, பாறையில்லை. செங்காவி நிறத்தில் ஓட்டாஞ்சில்லு, ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கி வைத்த மாதிரி.

சுமார் 35 மீட்டர் உயர மலையே உடைந்த ஜாடிகள்தான். கோடிக்கணக்கில் இருக்கும் என்கிறார்கள். பெரும்பாலும் இன்றைய தெற்கு ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகள், ஒவ்வொன்றும் சுமார் 70 கிலோ பிடிக்கும். ரோமானியப் பேரரசு காலத்தில் ஆற்றுத் துறையில் இறக்கி, எண்ணெயை மாற்றிவிட்டு, ஜாடியை உடைத்து இங்கே போட்டிருக்கிறார்கள். நாற்றம் அடங்கச் சுண்ணாம்பும் தூவினார்களாம்.

நான் பாண்டிக்காரன். எங்கள் ஊர்ப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது கிடைத்த ரோமானிய ஜாடித் துண்டுகளைப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் மியூசியக் கண்ணாடிக்குள் பார்த்தவன். நாலைந்து துண்டுக்கு அங்கே ஒரு அலமாரி, விளக்கு, அட்டை. இங்கே பக்கத்துச் சுவரோரம் ஒருவர் ஸ்கூட்டர் நிறுத்திக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"மலைன்னா மேல கோயில் இருக்குமேடா?"

"சிலுவை ஒண்ணு இருக்கும்மா. ஏற விடமாட்டாங்க, முன்னாடியே கேட்டுட்டு வரணும்."

"இவ்ளோ ஜாடியையும் ஏன் ஒடச்சாங்க?"

"நீயே சொல்லு."

"எண்ணெய் ஊறின மண்சட்டிய எந்த மகராசி கழுவுவா? சிக்கு வாடை போகவே போகாது. தூக்கிப் போட்டிருப்பாங்க."

ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணமும் அதுதான் என்றேன். "அதுக்கு ஆராய்ச்சி வேறயா" என்றுவிட்டு, ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று கேட்டார். மதியம் மிஞ்சிய உருளைக்கிழங்கு பிட்சா பையில் இருந்தது, காகிதமெல்லாம் எண்ணெய்.